அந்தப் பிள்ளை சத்தியம் கேட்டது

வட்டார வள மையத்தில் அன்று ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்த வேண்டிய நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்களே என்ற எரிச்சலோடுதான் போனேன். தாள்கட்டில் பாதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்த அம்மா ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். “ஒரு பிள்ளை உங்ககிட்ட வந்து, தனக்குப் பாலியல் தொல்லை நடக்குதுன்னு சொல்லுது. யார்கிட்ட சொல்வீங்க? எழுதுங்க” என்றார். கிட்டத்தட்ட எல்லாரும் தலைமை ஆசிரியர் என்றுதான் எழுதியிருந்தோம். சீட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “சரி, அவர்கிட்ட சொல்லிட்டீங்க. அவர் பேசாம இருந்துட்டார்னா?” யாரிடமும் பதில் இல்லை. நான் தாள் திருத்துவதை அப்போதுதான் நிறுத்தினேன்.

பிறகு அவரே விளக்கினார். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவு. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், தெரிந்தவர் எவராயினும் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். “நான் சொன்னது தப்பாப் போயிட்டா?” என்று பக்கத்தில் இருந்த சார் கேட்டார். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது எந்த நடவடிக்கையும் வராது, அதுவும் அதே 19ஆவது பிரிவில் இருக்கிறது என்றார் அந்த அம்மா. நிரூபிப்பது நம் வேலை கிடையாது என்பதை மட்டும் அன்றைக்கு மூன்று தடவை சொன்னார்.

இரண்டு மாதம் கூட ஆகவில்லை. (பிள்ளையை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக வகுப்பு, ஊர், சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சாயங்கால மணி அடித்து எல்லாரும் போன பிறகு, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: “டீச்சர், நான் இன்னைக்கு உங்க வீட்டுக்கு வரட்டா?” ஏன்டா என்றேன். டஸ்டரைக் கீழே வைக்கவே இல்லை. “முதல்ல சத்தியம் பண்ணுங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

பயிற்சிக்குப் போயிருக்காவிட்டால் நான் சத்தியம் செய்திருப்பேன். பிள்ளை அழும்போது கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, அப்புறம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வாயைக் கட்டிக்கொண்டும் இருந்திருப்பேன். அன்றைக்கு, “அந்தச் சத்தியம் என்னால பண்ண முடியாதுடா. ஆனா உன்னைக் காப்பாத்துறவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றேன். அவள் திரும்பிப் பலகையைத் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். போய்விட்டது, இனிமேல் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். வீட்டுக்கு வந்துபோகும் ஓர் உறவுக்காரரைப் பற்றி, நான்கே வாக்கியம்.

எப்போது, எத்தனை தடவை, எங்கே என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்டால் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் கோர்ட்டில் அதுவே அவளுக்கு எதிராகத் திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். “நீ சொன்னது நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன். நோட்டில் தேதி, மணி போட்டு அவள் சொன்ன நான்கு வாக்கியங்களையும் அவள் வார்த்தையிலேயே எழுதினேன். என் ஊகம் ஒன்றைக் கூடச் சேர்க்கவில்லை.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். ஆனாலும், “அம்மாவைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போம் டீச்சர், எடுத்த எடுப்பிலேயே போலீஸ் எதுக்கு? பிள்ளை எதிர்காலம், ஸ்கூல் பேரு...” என்றார். மகாராஷ்டிரத்தில் விடுதி மாணவிகளுக்கு மருத்துவம் பார்த்த ஒரு மருத்துவர் தொடர்பான வழக்கில், தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பயிற்சிக் குறிப்பிலிருந்து வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துத் தன் செல்போனை என் பக்கம் நகர்த்தினார்.

குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தேன். மறுமுனையில் இருந்த பெண் முதலில் கேட்டது: “இன்னைக்கு ராத்திரி பிள்ளை எங்க தூங்கும்?” அந்த நிமிடம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த உதவி எண் சட்டம் சொல்லும் காவல் நிலையத்துக்கு ஈடாகாது என்பதால், அதில் சொன்னதோடு நிற்காமல் நேராக அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். நான் சொன்னதை எழுதி, எனக்கே வாசித்துக் காட்டி, பதிவு எண் போட்டார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள்.

பிள்ளையை நிலையத்துக்கு அழைக்கவில்லை. பெண் உதவி ஆய்வாளர் சாதாரணச் சுடிதாரில் பாட்டி வீட்டுக்கு வந்து, திண்ணையில் அவளோடு உட்கார்ந்து பேசினார். சீருடையில் வரக் கூடாது, பிள்ளை இருக்கும் வீட்டிலோ பிள்ளைக்கு விருப்பமான இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பது 24ஆவது பிரிவு. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போனது. வழக்கு முடியும் வரை கூடவே வர ஒரு துணை நபரையும் கொடுத்தார்கள். பாட்டியின் பொறுப்பில் அவள் தங்கினாள்.

மறுநாள் அவள் அம்மா பள்ளி வாசலில் நின்று என்னைத் திட்டினார். குடும்பத்தைப் பிரித்துவிட்டேன் என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து அதே அம்மாதான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தார். என்னிடம் இன்னும் பேசுவதில்லை. அது பரவாயில்லை.

நானும் சாட்சி சொல்லப் போனேன். “ஆசிரியர்தானே, ஏன் முழு விவரத்தையும் விசாரிக்கவில்லை?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். விசாரிப்பது என் வேலை இல்லை, கேட்டதைச் சொல்வதுதான் என் வேலை என்றேன். என் நோட்டின் அந்தப் பக்கத்தை நீதிபதி வாங்கிப் படித்தார். வழக்கு இன்னும் முடியவில்லை.

எனக்குள் ஆறாத ஒன்று உண்டு. அதற்கு முன்னால் ஒரு மாதத்துக்கும் மேல் அவள் தினமும் மணி அடித்த பிறகும் நின்று பலகை துடைத்தாள். என் மேல் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன், பெருமையாகக் கூட இருந்தது. சட்டத்தில் அச்சம் என்ற சொல் எதற்காக இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

1098, கல்வி உதவி எண் 14417 இரண்டும் எங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கின்றன. அந்தப் பக்கத்தை இப்போது முதல் நாளே வகுப்பில் திறந்து வாசிக்க வைக்கிறேன். சாயங்காலம் யாராவது பலகை துடைக்கட்டுமா என்று நின்றால், நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று கேட்கிறேன்: “இப்ப வீட்ல யாருடா இருப்பாங்க?”