நிறுவை

மே 7

அம்மா 41.6 கிலோ. காலை ஆறரை, சலம் போன பிறகு, தேத்தண்ணிக்கு முன்.

மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் யோசிக்காமல் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், கிளினிக்கில். ஏறுவது சதையில்லை, நீர்.

மே 8

41.9. இறங்கி ஏறச் சொன்னேன்: 41.3. மறுபடியும்: 41.8. "என்ன மோனை, ஊஞ்சலே ஆட்டுறாய்?" என்று அம்மா கேட்டார்.

தராசில் பிழையில்லை. விறாந்தைச் சீமெந்து குழி விழுந்து கிடக்கிறது. உள் அறைக்கு மாற்றி, அடியில் பழைய கதவுப் பலகை ஒன்றைப் போட்டேன். இருபது லீற்றர்க் கான் இரண்டில் தண்ணீர் நிரப்பிப் பத்துத் தரம் ஏற்றி இறக்கினேன். இப்போது நூறு கிராமுக்கு மேல் ஆடவில்லை. உண்மையான எடை நாற்பதா நாற்பத்தொன்றா என்பது எனக்கு வேண்டாம். நாளைக்கும் அதே பொய்யைச் சொல்கிற தராசு போதும்.

அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கனடாவில உனக்கு இதுதான் வேலையோ?" என்றார். கிட்டத்தட்ட.

மே 9

பெட்டியில் எழுதினேனா?

மே 10

41.5.

நீலப் பிளாஸ்டிக் பெட்டி இரண்டு, ஒவ்வொன்றிலும் ஐம்பது துவக்கு ரவை. புறப்பட முதல் நாள் இரவு, ஒட்டாவா வீட்டு நிலவறையில் செய்து முடித்தவை. ஒரு தொகுதியில் சன்னம், அதாவது பறந்து போகிற முனை, சற்று ஆழம், மற்றதில் சற்று வெளியே. வித்தியாசம் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறு. கடைசி ரவையை அடுக்கும்போதுதான் அக்கா தொலைபேசி எடுத்தார். அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பெட்டி மூடியின் சத்தம் நினைவிருக்கிறது. பேனா இல்லை.

எழுதாத பெட்டியைச் சுடுவதில்லை. கற்றுத் தந்த கிழவர் சொன்ன முதல் சட்டம் அது. என்ன இருக்கிறது என்று நூற்றுக்கு நூறு தெரியாவிட்டால் ஒவ்வொரு சன்னமாகப் பிடுங்கி, மருந்தைக் கொட்டி, முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஆகஸ்ட்டில் ஒட்டாவா கொனோட் சூட்டு மைதானத்தில் போட்டி.

மகளை அளக்கச் சொல்லலாம். ஆனால் நுனியிலிருந்து அளந்தால் பயனில்லை, சன்னத்தின் மூக்கு ஒன்றுபோல் ஒன்று இராது. வளைவு தடிக்கிற இடத்தில் அளவு வளையத்தைப் பொருத்தித்தான் அளக்க வேண்டும். இதைத் தொலைபேசியில் விளக்கி, அவள் "அப்பா, அப்பம்மா எப்படி?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது.

மே 11

சோளகம் எழும்பிவிட்டது. பனைகள் முழுநாளும் இரைந்தன.

மே 13

41.7. கிளினிக்.

ஓட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போய், வரிசையில் நின்று, கதிரையில் இருத்திய கையோடு பிரஷர் எடுத்தார்கள். ஒரே ஒரு தரம். 152. போன மாதம் 130 என்று கொப்பியில் இருக்கிறது. உடனே குளிசை கூட்டுகிற கதை. பத்து நிமிடம் இருக்கவிட்டு இன்னும் இரண்டு தரம் எடுக்க முடியுமா என்று கேட்டேன். பின்னால் நிற்கிற சனத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். பின்னால் அறுபது பேராவது நின்றார்கள்.

ஆனாலும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு முடிவா?

மூன்று வெடி ஒரே துளையில் விழுந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துத் திரிகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நானும் திரிந்தவன்தான். அடுத்த கிழமை அதே மருந்து, அதே நிறை, அதே சன்னம், தாளில் உள்ளங்கை அளவு பரவிப் போனது. மூன்று வெடி பார்ப்பது குறிப்புப் பார்ப்பது மாதிரி, நாம் கேட்க விரும்புவதைச் சொல்லும். பத்தாவது வேண்டும், இருபது என்றால் நல்லது. அதிலும் பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, ஆட்டத்தை. ஆயிரம் யார் தூரத்தில் எங்கள் இலக்கின் நடு வளையம் ஐந்து அங்குல அகலம். ஒரு ரவைக்கும் அடுத்ததற்கும் வேகத்தில் செக்கனுக்கு 10 அடி வித்தியாசம் வந்தாலே அங்கே மேலும் கீழுமாக மூன்று அங்குலமளவு போய்விடும். அதற்காகத்தான் சன்னத்தைப் பிடித்திருக்கிற பித்தளைக் கோதின் கழுத்தை ஒவ்வொரு முறையும் நெருப்பில் காட்டி இளக்குவது. பித்தளை விரிந்து சுருங்க இறுகும். இறுகிய கோதுகள் சன்னத்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். அதற்காகத்தான் மருந்தை ஒரு மணியும் கூடாமல் குறையாமல் நிறுப்பது.

மருந்து. அம்மாவின் அலுமாரியில் இருப்பதற்கும் அதே சொல்தான். இதுவரை எனக்கு அது தட்டுப்படவில்லை.

மே 14

மழைச் சட்டையின் உள்பையில் ஒரு கோது.

கடைசியாகச் சுடப் போன நாளில் பொறுக்கிப் போட்டிருக்க வேண்டும். ரொறன்ரோ, கட்டுநாயக்கா, எல்லாம் தாண்டி வந்திருக்கிறது. யோசிக்க இப்போது கை வேர்க்கிறது. வெறும் கோதுதான். ஆனால் முல்லைத்தீவில் அதை வெறும் கோது என்று யார் பார்ப்பார்கள்?

மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

மே 16

41.6. அம்மாவின் சங்கிலிக் கொளுக்கி கழன்றுவிட்டது. பத்தரிடம் கொண்டு போனேன். எலக்ட்ரோனிக் தராசு வைத்திருக்கிறார், கண்ணாடிக் கூட்டோடு, காற்றுப் படாமல். மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் நிறுத்தார். நிலவறையில் நானும் அப்படித்தான், ஹீற்றரை நிறுத்திவிட்டு உட்காருவேன். அவருக்குச் சொல்ல வாய் வரை வந்தது.

அவருடைய தகப்பன் காலத்துக் குண்டுமணி ஒரு சிமிழ் நிறைய இருந்தது. ஒரு குண்டுமணி ஏறக்குறைய இரண்டு கிரேன். ஒரு பவுண் எட்டுக் கிராம். என் சன்னம் 155 கிரேன், பத்துக் கிராம்: ஒன்றேகால் பவுண். இந்தக் கணக்கை வீடு வரும் வரை போட்டுக்கொண்டே வந்தேன். என்ன செய்ய இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு.

மே 18

கஞ்சி.

மே 20

41.8. கோதை எங்கே போடுவது? கிணற்றில் வேண்டாம், கோடையில் தூர் வாருவார்கள். குப்பையில் போட்டால் நாய் கிளறும். காட்டுக்குள் போகலாம், ஆனால் எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்று எனக்குத் தெரியாது, இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அக்கா வாழைக்குக் கிடங்கு வெட்டினாலே வருகிறது, பச்சை பிடித்தவை, துருவேறியவை. அவற்றோடு போட்டால் நீளத்திலும் பருமனிலும் இதுவும் அவற்றில் ஒன்றுதான். அடியில் உள்ள முத்திரையைப் படிக்கிறவன் வந்தால் மட்டும் அகப்படும்.

அப்படியிருந்தும் போட மனம் வரவில்லை. ஏழு தரம் சுட்ட கோது, ஏழு தரமும் நானே இளக்கியது.

மே 22

மகள் படம் அனுப்பினாள். நீலப் பெட்டி இரண்டு, மூடியிலும் இல்லை, அடியிலும் இல்லை. "ஒன்றுமே எழுதேல்லை அப்பா."

சரி.

மே 24

42.0. காற்று. மணிக்கு பத்து மைல் பக்கக் காற்று ஆயிரம் யாரில் சன்னத்தை ஆறேழு அடி தள்ளிவிடும். முற்றத்தில் கதிரையைப் போட்டு, வைக்கோல் பறப்பதையும் வெயிலில் நிலம் அலையாடுவதையும் பார்த்து எவ்வளவு தள்ளும் என்று கணித்துக்கொண்டிருந்தேன், இரண்டு மணித்தியாலம். அக்கா வந்து, அம்மா மூன்று தலையணை கேட்கிறா என்றார். நேற்று வரை இரண்டு.

மே 25

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போக வேண்டுமாம். கடல் நீரில் விளக்கெரிவதை ஒருக்கால் பார்த்துவிட்டால் போதுமாம். பார்ப்போம் என்றேன். பின்னேரம் எங்கோ வெடி கொளுத்தினார்கள். கட்டிலில் கிடந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே, தலையைச் சுவர்ப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மே 28

42.3.

நான் குளித்துவிட்டு வர, அம்மா கண்ணாடிக் கூட்டைத் திறந்து வைத்திருந்தார். தன்னுடையது என்று நினைத்தாராம். கோது உள்ளங்கையில்.

"இது எங்கத்தையான்?"

"என்ர. அங்க சுடுறனான் அம்மா."

"எவ்வளவு தூரம்?"

"ஆயிரம் யார். எங்கட படலையில நிண்டா குளக்கட்டு மட்டும்."

"குளக்கட்டில ஆர் நிக்கிறது?"

"ஒருத்தருமில்லை. கடதாசி."

"கடதாசிக்கே?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு, "சின்னவன் இதில விசிலடிப்பான், நினைவிருக்கே?" என்றார்.

எனக்கு நினைவில்லை. நான் அப்போது இங்கே இல்லை.

கோதை உதட்டுக்குக் கீழே வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினார். என்னிடம் தந்து ஊதச் சொன்னார். நான் ஊதவில்லை, அக்கம் பக்கம் கேட்கும் என்றேன்.

மே 29

42.5. கோது அம்மாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. கேட்டால் தரமாட்டாராம்.

மே 30

43.2. கான்களை ஏற்றிப் பார்த்தேன். தராசு சரி.

மே 31

44.1. மறுபடி 44.1. மறுபடி 44.1. ஆட்டமே இல்லை.

தலையணையைத் தூக்கும்போது கோதை எடுக்க வேண்டும், ஓட்டோ படலைக்கு வந்துவிட்டது