ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்பது நாள்

“அங்க என்ன கிடக்கு? ஒண்டுமில்லை, வெறும் வயல்.”

கனடாவின் நடுவில் கிடக்கிற பிரெய்ரிச் சமவெளிக்குப் போகிறேன் என்று ஸ்காபரோவில் யாரிடம் சொன்னாலும் இதே பதில்தான். சொன்னவர்களில் பாதிப்பேர் கல்கரிக்கு விமானத்தில் போய், மலையோடு நின்று படம் எடுத்து வந்தவர்கள். பிரெய்ரியை அவர்கள் நித்திரையில்தான் கடந்திருக்கிறார்கள்.

மனிசியிடம் “வாறீரோ” என்று கேட்டேன். “மூவாயிரம் கிலோமீற்றர் ஓடிப்போய் வயல் பார்க்க நான் என்ன விதானையாரே? நீங்கள் போட்டு வாங்கோ” என்றாள். பேத்தியைப் பார்க்கிற வேலை அவளுக்கு இருந்தது. எனக்கு ஓய்வு கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு வயோதிபத் தம்பதியிடம் வாங்கிய, படுக்கையும் குசினியும் உள்ள 24 அடி மோட்டர்ஹோம் வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வெளிக்கிட்டேன்.

ஒன்ராறியோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதைத் தாண்டவே மூன்று நாள். பாறை, மரம், ஏரி, திரும்பவும் பாறை. மானிட்டோபாவுக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் மரங்கள் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். வினிப்பெக்குக்குச் சற்று முன்னால் தெருவோரம் ஒரு பலகை: கனடாவின் கிழக்குக்கும் மேற்குக்கும் நடு இதுதான், 96 பாகை 48 கலை 35 விகலை. இறங்கிப் படம் எடுத்தேன். எடுக்கும்போதே தொப்பி பறந்துவிட்டது. பிரெய்ரிக் காற்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது அப்படித்தான்.

காற்றைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. சோளகக் காற்று அடிக்கிற மாதத்தில் யாழ்ப்பாணத்து வல்லைவெளியில் சைக்கிள் ஓடினவர்களுக்கு மட்டும் சொன்னால் விளங்கும். அந்த வெளியை ஆயிரம் கிலோமீற்றருக்கு நீட்டி, சைக்கிளுக்குப் பதிலாக 11 அடி உயரத்தில் ஒரு அலுமாரியை ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய லொறி முந்தும்போது அதன் மூக்குக் காற்று முதலில் என்னைக் கரைப் பக்கம் தள்ளும். வால் தாண்டும்போது தன் பக்கம் இழுக்கும். தள்ளும்போது ஸ்டியரிங்கை ஒரு மயிரிழை லொறிப் பக்கம் பிடித்து, இழுக்கும்போது விட்டுவிட வேண்டும். இரண்டாம் நாள் கைக்குப் பழகிவிட்டது, தோள்மூட்டுக்குத்தான் பழகவில்லை. 100 கிலோமீற்றருக்கு 22 லீற்றர் குடிக்கிற வாகனம் எதிர்க்காற்றில் 28 குடித்தது. சஸ்காச்சுவனில் 110 வரை ஓடலாம் என்று பலகை சொல்கிறது. நான் 90ஐத் தாண்டவில்லை.

சஸ்காச்சுவன் எல்லையைத் தாண்டியதும் கைபேசி ஒரு மணித்தியாலம் பின்னால் போனது. அந்த மாகாணத்தில் கோடைக்கு மணிக்கூட்டை மாற்றும் வழக்கம் இல்லை. கைபேசி இதைத் தானாகப் பார்த்துக்கொண்டது. அடுப்புக்கு மேலே இருந்த மணிக்கூடு ரொறொன்ரோ நேரத்திலேயே நின்றது, நானும் மாற்றவில்லை. முதல் இரவு எட்டரைக்கு வீட்டுக்கு அழைத்தேன். “இஞ்ச பத்தரை! பிள்ளை இப்பதான் கண்ணயர்ந்தது” என்று ஏச்சு வாங்கினேன். அதன்பிறகு அடுப்பு மணிக்கூட்டைப் பார்த்துத்தான் அழைத்தேன்.

இரவுகளை ஊர்க் கிராமங்களின் சின்ன முகாம்களில் கழித்தேன். பந்தடி மைதானத்துக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு இடம், ஒரு மின்சாரக் கம்பம், ஒரு தண்ணீர்க்குழாய். வாசலில் இரும்புப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் கடித உறைகள். இருபது டொலரை உறைக்குள் வைத்துப் போட்டுவிட்டு நிறுத்த வேண்டியதுதான். பார்க்க யாரும் இல்லை.

அப்படி ஒரு ஊரில் கூரை மூடியைத் திறந்துவிட்டுப் படுத்தேன். குசினி வெக்கை வெளியே போவதற்காகக் கூரையில் ஒரு சதுர ஓட்டையும் பிளாஸ்டிக் மூடியும் உண்டு. ஒரு மணிக்கு ஏதோ சாய்க்கிறதுபோல் வாகனம் ஆடியது. எழும்பி லைற் போடுவதற்குள் தலைக்கு மேல் ஒரு முறிகிற சத்தம், பிறகு அந்த ஓட்டையால் மழை. மூடி பறந்துபோய்விட்டது. சோற்றுச் சட்டியை ஓட்டைக்குக் கீழே வைத்து, குப்பைப் பையை விரித்து, உள்ளுக்கிருந்தே ஒட்டுநாடாவால் ஒட்டினேன். ஒட்டுவதும், காற்று அதை ஊதிப் பூசணிக்காய் ஆக்குவதும், நான் திரும்ப அமத்துவதுமாக மூன்று மணி வரை போனது. கூட ஒருவர் இருந்திருந்தால் ஒருவர் பிடிக்க ஒருவர் ஒட்டியிருக்கலாம். அல்லது மூடியைத் திறந்து வைத்தது யார் என்று மூன்று மணி வரை சண்டை பிடித்திருக்கலாம். காலையில் மூடி மைதானத்து வேலியில் மாட்டிக்கொண்டு நின்றது, இரண்டு துண்டாக.

மூஸ் ஜோ என்ற நகரத்தைத் தாண்டி மேற்கே ஓடும்போது வலப்பக்கம், இடப்பக்கம் எல்லாம் வெள்ளை. கரையெல்லாம் வெள்ளை, குவியல் குவியலாக வெள்ளை. காலை பிரேக்கில் வைத்துவிட்டேன். ஆனையிறவு! உப்பளத்துக்குப் பக்கத்தால் ரயிலில் போன பழைய காலம் நெஞ்சுக்குள் வந்து நின்றது. சப்ளின் என்று ஊரின் பெயர். இது சாப்பிடுகிற உப்பு இல்லை, சோடியம் சல்பேற்று, சவர்க்காரத் தூளுக்கெல்லாம் போகிறது. ஆனாலும் அந்த ஏரிக்கரையில் சின்னக் கால்களால் ஓடித்திரிகிற பறவைகளைப் பார்த்தபடி இடியப்பம் சாப்பிட்டேன், முதல் நாள் பழசு.

சரி, பருப்புக்கு வருகிறேன். எனக்கு இந்தப் பயணமே அதுதான்.

ஸ்விஃப்ட் கரண்ட் என்ற நகரத்துக்குத் தெற்கே ஒரு மண் தெருவில் திரும்பினேன். அங்கே தெருக்கள் எல்லாம் கோடு கீறினதுபோல், ஒரு மைலுக்கு ஒன்று, இரண்டு மைலுக்கு ஒன்று என்று குறுக்கும் நெடுக்கும் ஓடும். இருபுறமும் முழங்காலுக்குக் கீழே, காய்ந்த, மண்ணிறச் செடிகள். நிலம் ஒரு கல் இல்லாமல் அழுத்தி விட்டதுபோல் இருந்தது. கரையில் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. அந்தத் தெருவில் ஒரு வாகனம் நின்றால் பழுதாகித்தான் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு.

“எல்லாம் சரியா?” என்றார். அறுபது வயதிருக்கும், வெயிலில் வெந்த கழுத்து.

“சரி. இது என்ன செடி?”

“லென்ரில். சிவப்பு.”

அதாவது மைசூர்ப் பருப்பு. பிறந்த நாள் முதல் சாப்பிட்டு வருகிறேன், ஒரு நாள்கூடச் செடியைப் பார்த்ததில்லை. அவரே கரையில் ஒரு கொத்தைப் பிடுங்கித் தந்தார். விரல்நகம் அளவில் தட்டையான காய், ஒன்றுக்குள் ஒரு விதை அல்லது இரண்டு. உடைத்தால் உள்ளே இருந்தது சாம்பலும் மண்ணிறமுமான ஏதோ. சிவப்பு எங்கே? அவர் சிரித்துவிட்டு நகத்தால் தோலைச் சுரண்டிக் காட்டினார். தோலுக்குக் கீழே அந்தச் செம்மஞ்சள், எங்கள் கடைகளில் பத்து இறாத்தல் பைக்குள் தெரிகிற அதே நிறம்.

நிலம் ஏன் இப்படிச் சீராகக் கிடக்கிறது என்று கேட்டேன். விதைத்தபிறகு பெரிய உருளையை இழுத்துக் கல்லையெல்லாம் மண்ணுக்குள் அமத்திவிடுவார்களாம். செடி கட்டை என்பதால் அறுவடை இயந்திரத்தின் வாய் நிலத்தோடு ஒட்டிப் போக வேண்டும், ஒரு கல் போதும் அதன் பல்லை உடைக்க. அவர் தகப்பன் காலத்தில் கோதுமை மட்டும்தான். சஸ்காட்டூனில் இருக்கிற சஸ்காச்சுவன் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃப்ரட் சிலிங்கார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1978இல் ‘லேர்ட்’ என்ற பச்சைப் பருப்பு இனத்தை வெளியிட்டபிறகுதான் இந்தப் பக்கத்துக் கமக்காரர் பருப்புக்கு மாறத் தொடங்கினார்கள். சிவப்பு பின்னால் வந்தது. இன்று உலகத்தில் அதிகம் பருப்பு ஏற்றுமதி செய்கிற நாடு கனடா, அதில் பெரும்பங்கு இந்த மாகாணத்தினுடையது. யாழ்ப்பாணத்துச் சட்டிக்குள் வேகிற பருப்பிலும் இந்த மண் இருக்கக்கூடும்.

“நீங்கள் இதைச் சாப்பிடுவீர்களா?” என்று கேட்டேன்.

“மனைவி எப்பவாவது சூப்பில் போடுவாள்” என்றார், கொஞ்சம் வெட்கப்பட்டு.

அன்றிரவு அவர் வளவில், தானியத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். நான் கொண்டுபோயிருந்த பருப்பைப் போட்டு, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், ரின் தேங்காய்ப்பால், கடைசியில் கடுகும் செத்தல்மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கறி வைத்தேன். தாளித்த மணம் தொட்டிகளைச் சுற்றிவர, அவருடைய நாய் வந்து படியில் இருந்துகொண்டது. வயலில் அறுவடை இயந்திரத்தின் வெளிச்சம் போவதும் வருவதுமாக இருந்தது. ஒன்பதரைக்கு வந்தார், தூசியோடு. ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டுக் கொடுத்ததை நின்றபடியே பாணால் தொட்டுச் சாப்பிட்டார். மூக்கால் ஓடியது, நிறுத்தவில்லை. காலையில் படியில் ஒரு கோப்பி ரின் இருந்தது, நிறைய, தோலோடு பருப்பு.

கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு வால் மறி என்ற ஊரால் போனேன். உழாத, விதைக்காத புல் அங்கேதான் பார்த்தேன். கறுப்பு வால் பிரெய்ரி நாய் என்று சொல்கிற அணில் சாதி கனடாவில் அந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. மண்மேட்டில் ஒன்று எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் எறிந்து ‘யீ’ என்று கத்தும். உடனே அடுத்தது, அதற்கடுத்தது, மேடு மேடாக. நல்லூர்த் தேரில் ஒருவர் அரோகரா சொல்ல அது வீதி முழுக்கப் பரவுமே, அதேதான். நல்லூர்த் திருவிழாக் காலமும் அதுதான். தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

தூரத்தில் காட்டெருமைகள் மேய்ந்தன. அவை அந்த மண்ணுக்குத் திரும்பி வந்தவை. 2005இல் எல்க் தீவுப் பூங்காவிலிருந்து 71ஐக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நூறு வருடத்துக்கு மேல் அங்கே ஒன்றுகூட இல்லை. இப்போது றெஜைனா நகரம் இருக்கிற இடத்துக்குப் பூர்வகுடிகளான கிறீ மக்கள் வைத்த பெயருக்கே எலும்புக் குவியல் என்றுதான் அர்த்தம். எருமைகளைக் கொன்று முடித்து, அந்த மக்களை ஒதுக்கிய நிலங்களுக்குள் தள்ளி, பத்து டொலர் கட்டினவனுக்கு 160 ஏக்கர் என்று சதுரம் சதுரமாகப் பிரித்துக் கொடுத்தபிறகு வந்ததுதான் இந்த ‘ஒண்டுமில்லை’. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையில் எங்கள் வளவு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் அங்கேயும் ஒண்டுமில்லை என்றுதான் சொன்னார்கள்.

பூங்காவுக்குள் கைபேசி வேலை செய்யவில்லை. இரண்டு நாள் அழைக்கவில்லை என்பதற்காக மகள் பொலிசுக்குச் சொல்லுகிற அளவுக்குப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது. அந்த இரண்டு இரவும் கதிரையைப் போட்டு நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிகற்கள் விழுகிற மாதம். பதினேழு வரை எண்ணினேன், பிறகு குளிர்.

வீடு திரும்பி ரின்னை மேசையில் வைத்தேன். மனிசி ஒரு பிடி எடுத்துச் சுளகில் போட்டுப் புடைத்தாள். கல் இல்லை. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள்.

“இஞ்சாருங்கோ, இதின்ர தோலை ஆர் உரிக்கிறது?”

ரின் இன்னும் அரிசி வாளிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.