உள்ளூர் ஷோரூமா, இணையத் தரகரா: நான் கார் வாங்கிய கதை

எங்களுடைய பதினொரு வயதுக் கார் ஆண்டுச் சோதனையில் எப்படியோ தேறிவிட்டது என்றாலும், சோதனையாளர் எழுதிக் கொடுத்த எச்சரிக்கைப் பட்டியல் ஒரு பக்கத்துக்கு நீண்டிருந்ததைப் பார்த்தபோது, அடுத்த ஆண்டு அது தேறாது என்பது தெளிவாகத் தெரிந்தது. தெற்கு லண்டனில் இத்தனை ஆண்டுகளாக வசித்தும் நான் புதுக் கார் வாங்கியதே இல்லை. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் சிறிய ஹைப்ரிட் காரைத்தான் வாங்குவது என்று வீட்டில் முடிவானதும், பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமைகள் இரண்டை ஷோரூம்களுக்கு ஒதுக்கினேன்.

பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் நம்பர் பிளேட்டின் ஆண்டு எண் மார்ச் 1, செப்டம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை மாறுகிறது. புது எண்ணோடு கார் வேண்டும் என்று விரும்புவோர் மார்ச்சில் குவிவதாலும், அந்த மாதமே காலாண்டின் கடைசி மாதமாகவும் இருப்பதாலும், ஆண்டிலேயே அதிகமான புதுக் கார்கள் பதிவாகும் மாதமாக அது அமைந்துவிடுகிறது. மார்ச்சில் பதிவாகும் காருக்குப் பிப்ரவரியிலேயே பேசினால், டீலர்கள் விற்பனை இலக்கை எட்டத் துடிக்கும் நேரத்தில் பேரம் படியும் என்று நம்பினேன்.

நான் விரும்பிய காரின் பட்டியல் விலை 24,000 பவுண்டு. முதல் டீலர் அதில் 1,200 பவுண்டு தள்ளுபடி தந்து, என் பழைய காரை 1,400 பவுண்டுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டாவது டீலர் 500 பவுண்டுக்கு மேல் தள்ளுபடி தர இயலாது என்று கையை விரித்தார். ஆனால் பழைய காருக்கு 2,100 தருவதாகச் சொல்லி, வேறு யாரும் இவ்வளவு தரமாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் இரண்டும் 2,600 பவுண்டுதான். ஒருவர் தள்ளுபடியில் காட்டியதை மற்றவர் பழைய காரில் காட்டினார், அவ்வளவே. விலை என்ன என்று நான் கேட்டபோதெல்லாம் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று இருவருமே திருப்பிக் கேட்டதையும், தவணை முறையில் வாங்கினால் மட்டுமே கிடைக்கும் தனிச் சலுகை ஒன்றை நடுவே நுழைத்ததையும் சேர்த்தால், புதுக் காரின் விலை, பழைய காரின் விலை, கடனுக்கான வட்டி என்னும் மூன்று கணக்குகள் ஒரே முடிச்சாகிவிடுகின்றன. எங்கள் ஊர்ப்பக்கத்து மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே விலை தெரியாமல் இருப்பது சுற்றி நிற்பவர்களுக்குத்தான். இங்கே வாங்குபவனுக்கே தெரியவில்லை.

அந்த இரவில்தான் இணையத் தரகர் ஒருவரின் பக்கத்தில் காரின் விவரங்களைப் பதிந்தேன். மறுநாள் வந்த விலை 21,100 பவுண்டு. முதல் பதிவுக் கட்டணம், முதலாண்டு வரி, நம்பர் பிளேட், வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செலவு எல்லாம் அதில் அடக்கம் என்று எழுதியிருந்தார்கள். நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு மலிவாகக் கொடுக்க அவர்களால் எப்படி முடிகிறது என்று தேடிப் படித்த பிறகே விஷயம் பிடிபட்டது.

இத்தகைய தரகரிடம் காரும் கிடையாது, கார் நிறுத்த இடமும் கிடையாது. கார் வருவது நாட்டின் வேறொரு மூலையில் உள்ள, அதே நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற டீலரிடமிருந்துதான். உற்பத்தி நிறுவனம் டீலருக்கு விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்து ஊக்கத்தொகை தருவதால், இலக்கை எட்டச் சில கார்களே குறையும்போது, அந்தச் சில கார்களை நட்டத்துக்கு விற்றாலும் மொத்தத்தில் லாபமாகிவிடும். ஆனால் அந்த விலையைத் தன் சொந்த ஊரில் விளம்பரம் செய்தால் ஊரார் எல்லோரும் அதையே கேட்பார்கள் என்பதால், இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கும் என்னைப் போன்றவனிடம் தரகர் வழியாகத் தள்ளிவிடுகிறார். தரகருக்கான கூலியையும் டீலரே தருகிறார்.

தரகர் வழியாகக் கார் வாங்குவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1990களின் இறுதியில் பிரிட்டனில் கார் விலை ஐரோப்பாவின் மற்ற நாடுகளைவிட மிகவும் கூடுதலாக இருந்ததால், பெல்ஜியத்திலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட கார்களைத் தரகர்கள் வழியாக வரவழைத்தவர்கள் பலர். வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று ஆராய்ந்த அரசு அமைப்பான போட்டி ஆணையம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையும், இங்குள்ள தனிநபர்கள் புதுக் காருக்குச் சராசரியாக ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றே சொன்னது. இப்போது அதே வேலை நாட்டுக்குள்ளேயே நடக்கிறது. எல்லா நிறுவனங்களுக்கும் இது பொருந்தாது. மெர்சிடிஸ் பென்ஸ் 2023இல் இங்கே விலையைத் தானே நிர்ணயிக்கத் தொடங்கி, டீலர்களை முகவர்களாக மாற்றிக்கொண்டது. விலையை டீலர் குறைக்க முடியாத இடத்தில் தரகருக்கும் பெரிய வேலை இல்லை.

பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டேன். அந்த விலை தவணையில் வாங்குவோருக்கு மட்டுமானதா என்பது முதல் கேள்வி. அடுத்தது, கார் டீலர் பெயரிலேயே ஏற்கெனவே பதிவானதா என்பது. அப்படியானால் பதிவேட்டில் நான் இரண்டாவது ஆளாகிவிடுவேன், வாரண்டியும் என் கைக்கு வருவதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்கும். ஒப்பந்தம் யாரோடு, முன்பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பதைத்தான் மிக முக்கியமாகக் கருதினேன். யார்க்‌ஷயரில் உள்ள டீலரின் பெயரிலேயே ஆர்டர் படிவம் வந்தது. 500 பவுண்டு முன்பணத்தை அவர்களுக்கே நேராகக் கிரெடிட் கார்டில் கட்டினேன். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு பகுதியைக் கார்டில் கட்டினாலும், விற்றவர் ஏமாற்றினால் வங்கியும் பொறுப்பாகிறது. பணம் தரகர் கணக்குக்குப் போயிருந்தால் இந்தப் பாதுகாப்பு சிக்கலாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த விலையை எடுத்துக்கொண்டு இரண்டாவது டீலரிடம் மறுபடியும் போனேன். காரை ஓட்டிப் பார்த்தது அவரிடம்தான் என்பதால் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. விற்பனையாளர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு மேலாளரிடம் போய்வந்து, தள்ளுபடியை 1,900 வரை ஏற்றினார். அதற்கு மேல் கேட்காதீர்கள், இந்த விலைக்குக் கிடைத்தால் நானே வாங்கிவிடுவேன் என்று சிரித்தார். வித்தியாசம் 300 பவுண்டாக இருந்திருந்தால் அவரிடமே வாங்கியிருப்பேன். ஆயிரம் பவுண்டை விட மனம் வரவில்லை. பழைய காரைத் தனியாக 1,900 பவுண்டுக்கு விற்றேன்.

தரகர் வழியில் எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. மார்ச் முதல் வாரம் வருவதாகச் சொன்ன கார் 28ஆம் தேதிதான் வந்தது. காலாண்டுக் கணக்கை முடிக்கும் அவசரம் அவர்களுக்கு இல்லாதிருந்தால் ஏப்ரலுக்கும் தள்ளிப்போயிருக்கும் என்றே நினைக்கிறேன். இடையில் தரகரைக் கேட்டால் டீலரைக் கேளுங்கள் என்றார். டீலரோ தொலைபேசியை எடுக்கவில்லை. காரை லாரியில் ஏற்றி அனுப்புவார்கள் என்று நானாக நினைத்திருந்தேன். ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். வந்து நின்றபோது மீட்டரில் 214 மைல், பம்பரில் வழியெல்லாம் வாங்கிய சேறு. காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ரயில் நிலையத்துக்கு எந்தப் பக்கம் போவது என்று கேட்டுப் புறப்பட்டுவிட்டார். கால்மிதிகள் இல்லாததை அதன் பிறகுதான் கவனித்தேன். அவை வந்துசேர மூன்று வாரங்களும் ஒன்பது மின்னஞ்சல்களும் ஆயின. ஷோரூமில் வாங்கியிருந்தால் அன்றே எழுந்து போய் எடுத்துத் தந்திருப்பார்கள். ஆனால் காருடைய தரத்தில் ஒரு குறையும் இல்லை. தொலைவிலிருந்தே முடித்த ஒப்பந்தம் என்பதால், காரணம் சொல்லாமலேயே திருப்பித் தர 14 நாள் அவகாசமும் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி எனக்கு இருந்தது. ஷோரூமில் உட்கார்ந்து கையெழுத்திட்டிருந்தால் அது கிடைத்திருக்காது.

முதல் சர்வீசுக்கு அதே இரண்டாவது டீலரிடம்தான் காரை விட்டேன். வாரண்டி உற்பத்தி நிறுவனத்தினுடையது என்பதால், எங்கே வாங்கினீர்கள் என்று பணிமனையில் யாரும் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அந்த விற்பனையாளர் வாசலில் நின்றிருந்தார். இங்கே நம்பர் பிளேட்டின் முதல் எழுத்து பதிவான பகுதியைக் காட்டும். லண்டன் கார்கள் 'எல்' என்று தொடங்கும், யார்க்‌ஷயர் கார்கள் 'ஒய்' என்று தொடங்கும். அவர் என் காரின் முன்பக்கத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வண்டி நன்றாக ஓடுகிறதா என்று மட்டும் கேட்டார்.