யாரும் கேட்காத ரிவ்யூ

2023 ஆகஸ்ட் 19-ஐ அடுத்து வந்த திங்கட்கிழமை, அடிலெய்டில் நான் வேலை செய்யும் மருத்துவமனை மருந்தகத்தின் டீ ரூமில் வேறு எந்தப் பேச்சும் எடுபடவில்லை. சனிக்கிழமை இரவு அடிலெய்டு ஓவலில் எங்கள் ஊர் அணியான க்ரோஸ் சிட்னி ஸ்வான்ஸிடம் 1 புள்ளியில் தோற்றிருந்தது. தோல்வியைக் கூட ஜீரணித்திருப்பார்கள். ஆனால் ஆட்டம் முடியச் சற்றுமுன் பென் கீஸ் அடித்தது கோல்தான், அம்பயர் கொடுத்த தீர்ப்பு தப்பு என்று ஞாயிற்றுக்கிழமையே ஆஸ்திரேலிய ஃபுட்டி லீகான ஏஎஃப்எல்லின் அப்போதைய தலைமை நிர்வாகி கில்லன் மெக்லாக்லன் பத்திரிகையாளர்கள் முன் ஒப்புக்கொண்டார். ஆனால் முடிவில் மாற்றமில்லை என்றும் சொல்லிவிட்டார். ஊர் கொதித்தது அதற்குத்தான்.

ஆஸ்திரேலிய ஃபுட்டி பார்த்துப் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் இருக்கும். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே, யார் கையும் படாமல், கம்பத்திலும் உரசாமல் பந்து உதைபட்டுப் போனால் கோல், 6 புள்ளி. கம்பத்தில் பட்டாலோ, பக்கத்துக் கம்பத்துக்கும் அதற்கும் இடையே போனாலோ பிஹைண்ட், 1 புள்ளிதான். கோட்டருகே நிற்கும் கோல் அம்பயர் பார்த்துச் சொல்வதே தீர்ப்பு. கோலுக்கு இரண்டு கொடிகளை ஆட்டுவார், பிஹைண்டுக்கு ஒன்று.

கீஸின் பந்து கம்பத்தில் பட்டதாக அந்த அம்பயர் நம்பினார். கோல் என்று நினைத்த கீஸ், ரசிகர்கள் பக்கம் ஓடிக் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே சிட்னி வீரர்கள் பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்துவிட்டார்கள். பந்து கம்பத்தைத் தொடவே இல்லை என்பதை டிவி ரீப்ளே பிறகு காட்டியது. கோல் கொடுத்திருந்தால் க்ரோஸ் முன்னிலைக்கு வந்திருக்கும். அந்தத் தோல்வியோடு இறுதிச்சுற்று வாய்ப்பும் போனது. 2017-க்குப் பிறகு அதுவரை இறுதிச்சுற்றையே பார்க்காத அணி அது. சிட்னி இறுதிச்சுற்றுக்கான எட்டாவது, கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே போனது.

எங்கள் ஸ்டோர்ஸில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர், க்ரோஸ் 1991-இல் போட்டிக்கு வந்த நாளிலிருந்து அதன் ரசிகை. அவர் அன்று சாப்பிடவே இல்லை. "வீடியோ இருக்கு, ரிவ்யூ இருக்கு, எல்லாம் இருக்கு. யாரும் ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மெல்பர்னிலிருந்து வந்த இளம் மருந்தாளுநர், "கடைசி நிமிஷத்துல போன கோலைப் பத்தி மட்டும் பேசாதீங்க. அதுக்கு முன்னாடி தவறவிட்ட வாய்ப்பெல்லாம் யார் கணக்கு?" என்றார். இந்த வாதம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஆட்டக்காரர் தவறவிடுவது ஆட்டத்தின் பகுதி. ஆட்டக்காரர் சரியாகச் செய்ததை எழுதி வைக்காமல் விடுவது அப்படி இல்லை.

பேச்சு, விதிமீறலுக்காக எதிரணிக்குக் கொடுக்கும் ஃப்ரீ கிக்குகளின் பக்கமும் போனது. பந்தோடு பிடிபட்டவருக்கு அதை விடுவிக்கப் போதிய நேரம் இருந்தது, ஃப்ரீ கிக் கொடு என்று பார்வையாளர்கள் "பால்!" என்று கத்துவார்கள், அங்கே அம்பயர் நினைப்பதுதான் சட்டம். 2018 இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் கோஸ்ட் அணியின் டாம் ஷீட் கோல் அடிப்பதற்கு முன் பந்தைப் பிடித்தபோது, காலிங்வுட்டின் பிரேடன் மேனார்டை வெஸ்ட் கோஸ்டின் வில்லி ரியோலி மறித்தது ஃப்ரீ கிக்கா இல்லையா என்பதைக் காலிங்வுட்காரர்கள் சாகும்வரை பேசலாம். வெஸ்ட் கோஸ்ட் 5 புள்ளியில் வென்ற ஆட்டம் அது. அதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பந்து கம்பத்தில் பட்டதா என்பதில் இரண்டு பக்கம் கிடையாது. பட்டது, அல்லது படவில்லை.

அன்றைய பேச்சில் எனக்கு மறக்காதது, இதே ஊரின் போட்டி அணியான போர்ட் அடிலெய்டின் ரசிகர் ஒருவர் சொன்னது. க்ரோஸ் தோற்றால் அவருக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் நிதானமாகச் சொன்னார்: அம்பயர் கோல் என்று கை காட்டியிருந்தால், பந்து நடு மைதானத்துக்குத் திரும்பிப் போகிற அந்த இடைவெளியில் ரிவ்யூ அறையில் இருப்பவர்கள் எப்படியும் திரையில் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு கோலையும் அப்படிப் பார்க்கிறார்கள். பிஹைண்ட் என்றால் எதிரணி உடனே பந்தை உதைத்துவிடலாம். அம்பயராகக் கேட்டால்தான் அப்போது ரிவ்யூ. அவர் ஏன் கேட்பார்? அவருக்குத்தான் சந்தேகமே இல்லையே. கிரிக்கெட்டில் கேப்டன் கைகளால் 'டி' காட்டுவது போல இங்கே ஆட்டக்காரர்கள் கேட்கவும் வழியில்லை.

இத்தனைக்கும் இந்த ரிவ்யூ பிறந்ததே கம்பத்தில் பட்ட பந்துகளால்தான். 2009 இறுதி ஆட்டத்தில் ஜீலாங்கின் டாம் ஹாக்கின்ஸ் அடித்தது கம்பத்தில் பட்டும் கோலானது. 2011 இறுதி ஆட்டத்தில் காலிங்வுட்டின் ஷாரட் வெலிங்ஹாமுக்கும் அப்படியே. 2012-இல் ரிவ்யூ வந்தது. கொடுக்கக் கூடாததைக் கொடுத்த இரண்டு தவறுகளைப் பார்த்துக் கட்டிய முறை, கொடுக்க வேண்டியதை மறுத்த தவறைப் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

எங்கள் வேலையிலும் இது அப்படியே உண்டு. மருந்தகத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு மருந்தும் இரண்டு கை மாறும். ஒருவர் எடுத்து லேபிள் ஒட்டுவார், பார்கோடு ஸ்கேன் ஆகும், மருந்தாளுநர் மறுபடி பார்ப்பார். எடுத்தவருக்குச் சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும். ஆனால் சீட்டில் எழுதப்படாமலே விட்டுப்போன மருந்துக்கு லேபிள் இல்லை, பார்கோடு இல்லை. அது எந்த மேசைக்கும் வராது. அதற்காகத்தான் நோயாளி அட்மிட் ஆனதும் அவர் படுக்கைக்குப் போய், வீட்டில் என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு, வார்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுகிறோம். என் வேலையில் பெரும்பங்கு அதுதான்.

விட்டுப்போவதில் முக்கால்வாசி சின்னச் சின்ன விஷயங்கள். கண் சொட்டு மருந்தை மருந்து என்றே பலர் சொல்வதில்லை. ஒரு பாட்டி, "மாத்திரை இவ்வளவுதான்" என்று டப்பாக்களைக் கட்டிலில் பரப்பிவிட்டு, கைப்பைக்குள் க்ளாக்கோமா சொட்டு மருந்தை வைத்திருந்தார். "ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கண்ணுக்கு ஏதாவது போடுவீங்களா?" என்று கேட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. வார்டுச் சீட்டை எழுதிய டாக்டருக்குத் தான் எழுதியது முழுமையானது என்பதில் எந்தச் சந்தேகமும் இருந்திருக்காது. அவராக எங்களைக் கூப்பிட்டால்தான் வருவோம் என்றிருந்தால் அந்தச் சொட்டு மருந்து கைப்பையிலேயே கிடந்திருக்கும்.

ஆகவே அந்த அம்பயர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மீதமிருந்த சீசனுக்கு அவர் நிற்கமாட்டார் என்று அறிவித்தார்கள். உறுதியாக நம்பியதைச் சொன்ன ஒருவரை வெளியே உட்கார வைத்தால் அடுத்தவரும் அதே இடத்தில் நின்று, தான் உறுதியாக நம்புவதைத்தான் சொல்லப்போகிறார். ரிவ்யூ அறைக்குத் தானாகக் குறுக்கிட நேரமும் உரிமையும் கொடுப்பதுதான் வேலை என்று அன்று சொன்னேன். கம்பத்தில் பட்டதாகச் சொல்லும் பந்துகளை மட்டுமாவது அங்கே பார்க்கட்டும். ஒவ்வொரு பிஹைண்டுக்கும் நிறுத்தினால் ஆட்டத்தின் ஓட்டம் கெட்டுவிடும் என்றார் மெல்பர்ன்காரர். கம்பத்தில் படும் பந்துகள் ஓர் ஆட்டத்தில் எத்தனை வந்துவிடப் போகின்றன?

ஸ்டோர்ஸ் அம்மாவுக்கு இதெல்லாம் போதவில்லை. 2006-ஐ எடுத்தார். லான்செஸ்டனில் ஃப்ரீமேன்டிலும் செயின்ட் கில்டாவும் ஆடியபோது கடைசி சைரன் அம்பயர்கள் காதில் விழவில்லை. ஆட்டம் தொடர்ந்து, செயின்ட் கில்டா ஒரு பிஹைண்ட் அடித்துச் சமன் செய்தது. சில நாட்களில் ஏஎஃப்எல் கமிஷன் கூடி வெற்றியை ஃப்ரீமேன்டிலுக்கு மாற்றிக் கொடுத்தது. "அவங்களுக்கு மாத்தத் தெரிஞ்சுது, எங்களுக்கு முடியாதா?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுத்துப் பேசக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். அங்கே சைரனோடு ஆட்டம் முடிந்துவிட்டது. பிறகு வந்த 1 புள்ளியைக் கழித்தால் போதும். இங்கே கோலைக் கொடுத்திருந்தால் பந்து நடுவுக்குப் போயிருக்கும், மிச்ச நேரத்துக்கு இரண்டு அணியும் ஆடியிருக்கும். சிட்னி ஒரு கோல் அடித்திருக்காது என்று யாரால் எழுதிக் கொடுக்க முடியும்? அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. செப்டம்பரில் சிட்னி இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே கார்ல்டனிடம் 6 புள்ளியில் தோற்று வெளியேறிய மறுவாரமும் வந்து, "நாங்க போயிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றார். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.