ஃபாரூக்கின் அத்தா

மார்ச் 16 வந்தால் எனக்குத் தூக்கம் வராது. 2017-இல் அந்த இரவில்தான் கோவையில் ஃபாரூக்கை வெட்டிக் கொன்றார்கள். வயது 31. பழைய இரும்பு வியாபாரம், பெரியார் வழி இயக்கமான திராவிடர் விடுதலைக் கழகத்தின் தோழர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார், அவ்வளவுதான்.

நானும் நம்பிக்கையை விட்டவன். வீட்டில் சொன்னதில்லை. ரமலானில் அம்மா சஹருக்கு எழுப்பினால் எழுந்து சாப்பிடுகிறேன். அவர் போடும் சோற்றை மறுக்க மனம் வருவதில்லை. எனக்குக் கத்தியைவிடப் பெரிய பயங்கள் உண்டு. தங்கச்சியின் நிக்காஹ் நின்றுபோகுமோ? நான் செத்தால் புதைக்க மையவாடியில் இடம் கேட்டு அத்தா ஜமாஅத் முன்னால் நிற்க வேண்டிவருமோ?

(கொன்றவர்களை வைத்து எங்கள் தெருவை எடைபோடாதீர்கள். அதுவும் எனக்கு வலிக்கும்.)

மகனைப் பறிகொடுத்த ஃபாரூக்கின் அத்தா, அவன் இருந்த இயக்கத்தில் தானும் சேர்வதாகச் சொன்னார். அதைப் படித்த அன்று என் அத்தா இஷா தொழுதுவிட்டு வந்தார். வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பிட்டியாப்பா?" என்றார்.