கருவிலேயே தொடங்கும் முதுமை

பின்னாளில் உடம்பு எப்படித் தளர்கிறது என்பது நம் பழக்கத்தை மட்டும் பொறுத்ததல்ல; கருவில் கிடைத்த உணவு, பார்க்கும் வேலை, பிழைக்கப் போன ஊர் எல்லாமே அதில் சேரும். முதலில் கரு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் ஜெர்மன் படை தடுத்தது. ஒரு கட்டத்தில் ஒரு நாள் ரேஷன் ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அப்போது கருவில் இருந்தவர்களை நடுவயதில் பரிசோதித்தார்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் பஞ்சம் தாக்கியவர்களிடம் இதய நோய் அதிகம். இத்தனைக்கும் அவர்கள் பிறந்தபோது எடையில் பெரிய குறை தெரியவில்லை!

அப்புறம் வேலை. 1967இல் லண்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கீழ்நிலை ஊழியர்கள் மேலதிகாரிகளைவிட அதிகமாக இதய நோயால் இறந்தார்கள். புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி மறையவில்லை. ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று அறிவுரை சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

புலம்பெயர்பவர்கள் கதை இன்னும் விசித்திரம். தெம்புள்ளவர்தானே கிளம்புவார்? அதனால் போன புதிதில் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்கள். வருடங்கள் போகப் போக அது கரைகிறது. கடின வேலை, இரவு ஷிப்ட், நெருக்கடியான குடியிருப்பு எல்லாம் சேர்ந்து அரிக்கின்றன. நோய் முற்றியதும் சிலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த மரணங்கள் வேலை வாங்கிய நாட்டின் கணக்கில் ஏறுவதே இல்லை. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.