இடிக்காமல் விட்ட அடுக்களை

போன வருடம் வைகாசியில் எங்கள் தஞ்சாவூர் வீட்டு அடுக்களையைச் சரிசெய்யலாம் என்று முடிவெடுத்தபோது முதலில் வந்து பார்த்தவர் ஒரு மாடுலர் கிச்சன் கடையின் பையன். நல்ல பையன். பொறுமையாக அளவெடுத்தான், டேப்லெட்டில் வரைந்து காட்டினான், வெள்ளையும் சாம்பலுமாகப் பார்க்க அழகாகவே இருந்தது. 3,80,000 ரூபாய் ஆகும் என்றான். எழுந்து போகும்போது, "பழசு எல்லாத்தையும் எடுத்துடுவோம் மேடம், இடிச்ச சாமானையும் நாங்களே கிளியர் பண்ணிடுவோம்" என்றான். அங்கேதான் எனக்கு இடறியது. எங்கே கொண்டுபோய் கிளியர் பண்ணுவார்கள்? புறவழிச்சாலை ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் உடைந்த டைல்ஸையும் காரைக் கட்டிகளையும் பார்த்துக்கொண்டேதான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். அதில் எங்கள் வீட்டு மூட்டையும் ஒன்றாகச் சேரப்போகிறது என்று நினைத்தபோது அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த அடுக்களை 1986ல் மாமா, அதாவது என் மாமனார், பார்த்துப் பார்த்துக் கட்டியது. கடப்பாக்கல் மேடை, சுவரில் பதித்த கடப்பாக்கல் தட்டுகள், மொசைக் தரை, அடுப்புக்கு மேலே ஒரு புகைக்கூண்டு. நான் கல்யாணமாகி வந்தபோதே புகைக்கூண்டை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள், கிழக்கு ஜன்னலில் பாதியை ஒரு பரண் மறைத்திருந்தது. இருட்டு, வேக்காடு, எண்ணெய்ப் பிசுக்கு. இவையெல்லாம் உண்மையான குறைகள்தான். ஆனால் மறுநாள் காலையில் காபியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தால், குறை எதுவும் அந்தக் கல்லிலோ தரையிலோ இல்லை. காற்று வரும் வழியையும் வெளிச்சம் வரும் வழியையும் நடுவில் வந்த நாங்கள்தான் அடைத்திருக்கிறோம்.

சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு என்றதும் மூங்கில் பலகை, பச்சை இலை முத்திரை போட்ட பெயின்ட் என்று புதிதாக எதையாவது வாங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் வெட்டியெடுத்து, லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்த கல்லுக்கு ஆன செலவெல்லாம் 1986லேயே ஆகி முடிந்துவிட்டது. 38 வருடமாக ஒரு தட்டுகூட வளையவில்லை, உளுக்கவில்லை, கரையான் தொடவில்லை. அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் எதை வைத்தாலும், அது எவ்வளவு பச்சையாக இருந்தாலும், பூமிக்குப் புதிதாக ஒரு செலவுதான்.

அப்படி வைப்பதும் என்ன? அந்தப் பையனிடம் பெட்டிகள் எதில் செய்வீர்கள் என்று கேட்டேன், பார்ட்டிகிள் போர்டு என்றான். மரத்தூளைப் பசையோடு கலந்து அழுத்திய பலகை அது. எதிர் வீட்டு அக்கா ஆறு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் போட்டார்கள், சிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டி இப்போது ஊறின அப்பளம் மாதிரி உப்பிக் கிடக்கிறது, கீல் திருகு எதையும் பிடிக்கவில்லை. மரக்கடையில் மறுபடி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள், அடுப்பெரிக்கவும் கூடாது, ஏனென்றால் அதற்குள் பசை கலந்திருக்கிறது.

அந்தப் பசையைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இன்னும் கவலையாகிவிட்டது. பார்ட்டிகிள் போர்டிலும் ஈரத்தை ஓரளவுக்கு மட்டும் தாங்கும், விலை குறைந்த எம்.ஆர். வகை பிளைவுட்டிலும் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான். அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், சூடும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், குக்கர் ஆவிக்கு நடுவில், வீட்டிலேயே அதிகச் சூடும் ஈரமும் உள்ள இடம் அடுக்களைதானே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்துவிட்டது. பிளைவுட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. வகையை, அதாவது கொதிநீரையும் தாங்கும் பிளைவுட்டைக் கேளுங்கள். அது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை, தண்ணீரையும் தாங்கும், வாயுக் கசிவும் மிகக் குறைவு. கூடவே ஈ0 அல்லது ஈ1 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், கசியும் அளவு குறைவு என்பதற்கான குறியீடு அது.

எங்களுக்குக் கதவுகளுக்கு மட்டும்தான் மரம் தேவைப்பட்டது. எங்கள் ஆசாரிதான் வழி சொன்னார். "புது மரம் எதுக்கும்மா, காரைக்குடி போயிட்டு வருவோம், இடிச்ச வீட்டு மரம் கிடைக்கும்." காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். பித்தளை, பீங்கான், எனாமல் பாத்திரம் எல்லாம் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் நாங்கள் போனது மரத்துக்காக. செட்டிநாட்டு வீடுகளுக்காக பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, அந்த வீடுகளை இடிக்கும்போது கதவும் நிலையும் உத்தரமுமாகக் கடைக்கு வந்துவிடுகிறது. ஒரு வீடு இடிந்துதான் எனக்கு மரம் கிடைக்கிறது என்று நினைக்க மனசு கொஞ்சம் கனத்தது. இருந்தாலும் அது விறகுக்குப் போவதைவிட இது நல்லது என்று ஆறு ஜன்னல் கதவுகள் வாங்கினோம். கடைக்காரர் பர்மா தேக்கு என்றார். ஆசாரி ஓரத்தைச் சீவி மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார், எனக்கு அது போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். பழைய கதவில் இருக்கும் எனாமல் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயின்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் ஏறும், பிள்ளைகள் கையில் ஒட்டும், வாய்க்குப் போகும், அவர்கள் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நாங்கள் கதவுகளைக் கொல்லையில் போட்டு, தண்ணீர் தெளித்து ஈரமாகவே தேய்த்தோம், கீழே பாலிதீன் தாள் விரித்து, விழுந்த சக்கையை மண்ணில் போடாமல் மூட்டையாகக் கட்டினோம். அந்த இரண்டு நாளும் என் மகளைக் கொல்லைப் பக்கமே விடவில்லை. பெயின்ட் போனதும் உள்ளே இருந்து வந்த அந்தத் தேன் நிறத்தைப் பார்த்து ஆசாரியே கொஞ்ச நேரம் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்புறம் மேடை. அத்தைக்கு ஏற்ற உயரத்தில் கட்டியது, 30 அங்குலம்தான், எனக்குக் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. இடித்துவிட்டு கிரானைட் போடுங்கள் என்று கொத்தனார் சொன்னார். நான் கல்லைக் கழற்றி, கீழே ஒரு வரிசை செங்கல் கட்டி, அதே கல்லை மேலே வைக்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்சம் முனகினார், ஆனால் செய்தார், மூன்று கற்களில் ஒன்று உடைந்தது. உடைந்த துண்டுகள் இப்போது கொல்லையில் துணி துவைக்கும் கல்லாக இருக்கின்றன. மேடையில் அந்த இடத்துக்குப் பழைய சாமான் கடையில் இன்னொரு கடப்பாக்கல் கிடைத்தது, நிறம் துளி வித்தியாசம்.

கடப்பாக்கல்லில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுகிறதே என்று நிறையப் பேர் அதை வெறுப்பார்கள். அது அழுக்கு இல்லை. கடப்பாக்கல் ஒரு கறுப்புச் சுண்ணாம்புக்கல், புளித்தண்ணீரும் எலுமிச்சையும் பட்டால் மேல்தோலை அரித்துவிடும். நம் சமையலில் புளி இல்லாத நாள் ஏது, அதனால் வெட்டுகிற, கரைக்கிற வேலையை ஒரு மரப்பலகை மேல் வைத்துக்கொண்டு, சிந்தியதை உடனே துடைத்தாலே போதும். பழைய திட்டுகளை மெஷின் பாலிஷ் எடுத்துவிட்டது, மாதம் ஒருமுறை சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். புளி படுகிற இடத்துக்கு கிரானைட்தான் சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இப்போது எல்லோரும் கேட்கிற குவார்ட்ஸ் மேடையை மட்டும் வாங்க எனக்கு மனசு ஒப்பவில்லை. படிகக்கல் தூளைப் பிசினில் குழைத்து வார்த்தது அது, அறுக்கும்போது பறக்கும் சிலிகா தூசி அறுக்கிறவரின் நுரையீரலைக் கெடுக்கிறது. இதற்காகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. நம் ஊரில் வாயில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொண்டு கல் அறுக்கும் தம்பிகளைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? சூழலுக்கு நல்லது என்று நாம் பேசும்போது அவர்கள் மூச்சும் அதில் சேர வேண்டும் என்பது என் எண்ணம். கிரானைட்டிலும் சிலிகா உண்டு. அதனால் எங்கள் வீட்டில் அறுத்த கொஞ்சத்தையும் தண்ணீர் விட்டு ஈரமாகத்தான் அறுக்கச் சொன்னேன்.

தரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மொசைக்கின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார்கள், நான் பாலிஷ் மெஷினை வரவழைத்தேன். மூன்று நாள் வீடு முழுக்கச் சேறு. நான்காம் நாள் கடைசி பாலிஷ் முடிந்து துடைத்தபோது பச்சையும் வெள்ளையும் கறுப்புமாகச் சில்லுகள் தெரிந்தன. அத்தை வாசலில் நின்று, "கட்டின அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை புகைக்கூண்டுதான். அட்டையை எடுத்து, எலியும் புறாவும் வராமல் கம்பி வலை அடித்து, உள்ளே முப்பது வருடக் கரியைச் சுரண்டி எடுத்தோம். பரணை இடித்தோம், நாங்கள் இடித்தது அது ஒன்றைத்தான். இப்போது கிழக்கு ஜன்னலில் காற்று நுழைகிறது, அடுப்புச் சூடு தானாக மேலே ஏறிக் கூண்டு வழியாகப் போகிறது, இதற்கு மின்சாரமே வேண்டாம். வறுக்கும்போதும் மிளகாய் தாளிக்கும்போதும் மட்டும் ஒரு சின்ன எக்சாஸ்ட் ஃபேன் போடுகிறேன். காலை பத்து மணி வரை விளக்குப் போடுவதில்லை.

சுவருக்கு கிளிஞ்சல் சுண்ணாம்பு. இது எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது, ஏற்கெனவே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, முழுக்கச் சுரண்ட வேண்டும். எங்கள் அடுக்களைக்கு எப்போதும் சுண்ணாம்புதான் அடித்திருந்தார்கள், அதனால் சுலபமாக முடிந்தது. கிளிஞ்சலைச் சுடும்போது வெளியேறும் கரியமில வாயுவைச் சுவரில் பூசிய சுண்ணாம்பு காயக் காயக் காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. சூளைக்கு எரித்த எரிபொருளின் புகை திரும்பாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சுவர் ஈரத்தை வாங்கித் திரும்ப வெளியே விடுகிறது, பூஞ்சை பிடிப்பதில்லை. ஆனால் சாய்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டும்.

சிங்க் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் ஒரு வலைக்கூடையில் சக்கையை வடிகட்டி, ஜல்லி போட்ட பாத்தி வழியாகக் கல்வாழைக்கும் அடுத்திருக்கும் வாழைக்கும் விட்டிருக்கிறோம். அதற்காகவே பாத்திரம் தேய்க்கும் சோப்பை விட்டுவிட்டு சீயக்காய்த் தூளும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பயன்படுத்துகிறோம். நெய்ப்பிசுக்குக்கு அது போதவில்லை, கொஞ்சம் வெந்நீர் வேண்டியிருக்கிறது. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் ஒரு வாளியில் விழுகிறது, அது தரை துடைக்க.

விசிறிகளை மட்டும் புதிதாக வாங்கினேன், ஏனென்றால் அவை ஓடும் ஒவ்வொரு மணியும் செலவு. பழைய விசிறி 75 வாட், மின்சாரம் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி 30 வாட்டுக்குள். மூன்று விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் ஏறக்குறைய 97 யூனிட் மிச்சம்.

எல்லாம் சேர்த்து 1,42,000 ரூபாய் ஆனது, அதில் பெரும்பகுதி கூலி. அதாவது பணம் ஏதோ ஒரு தொழிற்சாலைக்குப் போகாமல் ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் பாலிஷ்காரருக்கும் போயிருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம். சரியாக வராதது ஒன்று உண்டு. திறந்த தட்டுகளில் இருக்கும் டப்பாக்கள் மேல் தாளிப்பு எண்ணெய் படிந்து தூசி ஒட்டுகிறது. அடுப்புக்குப் பக்கத்துத் தட்டு இரண்டுக்கு மட்டும் தேக்குக் கதவு போட்டோம், மற்றதில் தினமும் புழங்கும் சாமானை மட்டும் வைக்கிறேன், எடுத்து வைத்துக்கொண்டே இருப்பதால் தூசி தங்குவதில்லை. சிங்குக்குக் கீழே கதவே கிடையாது, வலை மட்டும்தான், காற்றாடக் கிடப்பதால் கரப்பான் குறைந்துவிட்டது.

இன்னும் மொட்டைமாடி பாக்கி இருக்கிறது. தட்டோடு பதித்த தளம்தான், நாலைந்து இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது. அதைப் பூசி முடித்து மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் சித்திரைக்கு முன்னால் முடித்துவிட ஆசை. இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கியாகிவிட்டது, நேற்றுத்தான் பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டுத் தாளித்தோம், காலையில் போய்ப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி திரண்டிருக்கிறது.